டிவியில் கடைக்கு எவ்வளவு லாபம் நிற்கிறது? 45 சதவீதத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது?

கேள்வி கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கிவிடுகிறேன். 65 அங்குல டிவி ஒன்றைச் சில வாரங்களாகக் கண்ணில் வைத்திருக்கிறார். திடீரென்று அதற்கு 45 சதவீதத் தள்ளுபடி அறிவித்துவிட்டார்கள். "அப்படியென்றால் இவ்வளவு நாளும் பாதிக்குப் பாதி லாபம் வைத்தா விற்றார்கள்? ஒரு டிவியில் கடைக்கு என்னதான் நிற்கும்? நான் இன்னும் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?" என்கிறார்.

மின்னணுச் சாதனக் கடைகளுக்குச் சரக்கு எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பாதிக்குப் பாதி லாபம் இல்லவே இல்லை. டிவியில் கடைக்கு நிற்பது, வாங்குபவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. நான் பார்த்தவரை சிறிய, மலிவான மாடல்களில் ஒற்றை இலக்கச் சதவீதம். நடுத்தர மாடல்களில் பத்து, பன்னிரண்டு. திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி என்ற விலை உயர்ந்த வகைகளில் இருபதை ஒட்டிப் போகும். 45 சதவீதத்தைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கொடுத்தால் அன்றைக்கே கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடலாம். மார்க்கப், மார்ஜின் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகவே பேசிப் பலர் குழம்பிப் போகிறார்கள். 80க்கு வாங்கிய பொருளை 100க்கு விற்றால் லாபம் 20. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் அது 25 சதவீதம், இதுதான் மார்க்கப். விற்ற விலையோடு ஒப்பிட்டால் 20 சதவீதம்; இது மார்ஜின். பணம் ஒன்றேதான். ஆனால் 50 சதவீத மார்க்கப் என்று கேட்கும்போது பயமாக இருக்கும், அதையே 33 சதவீத மார்ஜின் என்றால் சாதாரணமாகத் தெரியும். உங்கள் டிவிக்கு 45 சதவீதம் தள்ளிக் கொடுத்தும் அசல் கைக்கு வர வேண்டுமென்றால், கடை அதை 55க்கு வாங்கி 100க்கு விற்றிருக்க வேண்டும். அது 82 சதவீத மார்க்கப். டிவி வியாபாரத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டும். 90க்கு வாங்கி 100க்கு விற்கும் டிவியில் நீங்கள் வெறும் 5 சதவீதம் குறைக்கச் சொல்கிறீர்கள். உங்களுக்கு அது சின்னத் தொகை. கடைக்கு 10 ஆக இருந்த லாபம் 5 ஆகிறது, அதாவது நேர் பாதி. அதிலிருந்துதான் வாடகை, சம்பளம், மின்சாரம், கார்டு கட்டணம், வண்டிச் செலவு, வழியில் உடைந்து போகும் பெட்டிகள், சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி எல்லாம் போக வேண்டும். "கட்டுப்படியாகாது சார்" என்று விற்பனையாளர் சொல்லும்போது பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். அமெரிக்காவின் பெஸ்ட் பை போன்ற பெரிய சங்கிலிக் கடையின் பொதுக் கணக்கைப் பாருங்கள். டிவி, கணினி, குளிர்பெட்டி, கேபிள், வாரண்டி எல்லாம் சேர்த்தே மொத்த மார்ஜின் 22, 23 சதவீதம்தான். செலவெல்லாம் போக இயக்க லாபம் 4 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது.

சரி, அப்படியானால் தள்ளுபடியை யார் தருகிறார்கள்? பெரும்பகுதி டிவியைத் தயாரித்த நிறுவனத்தின் பணம்.

கடைக்கு வரும் இன்வாய்ஸில் ஒரு விலை இருக்கும். அதுதான் அடக்க விலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கடை ஊழியர்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்த விலைக்குப் பின்னால் இன்னும் நாலைந்து வரவுகள் உண்டு. காலாண்டுக்கு இத்தனை பெட்டி எடுத்தால் இத்தனை சதவீதம் கழிவு. கடையின் விளம்பரத்தில் அந்த பிராண்டைக் காட்டியதற்கு ஒரு பங்குத் தொகை. நுழைந்தவுடன் கண்ணில் படும் சுவரில் மாட்டியதற்கு ஒரு தொகை. சீக்கிரம் பணம் கட்டினால் ஓரிரு சதவீதம். நான் வைத்திருந்த கணக்குத் தாளில் இவற்றுக்கென்றே ஐந்து பத்திகள் இருந்தன. முதல் பத்தியில் 90 என்று இருக்கும் விலை, எல்லாம் கழிந்து கடைசிப் பத்திக்கு வரும்போது 84 ஆகியிருக்கும். அந்த 84 காலாண்டு முடிந்து கணக்கு ஒத்துப் போன பிறகுதான் நிஜம். இலக்குக்கு முப்பது பெட்டி குறைந்தால் அதே விலை 88க்கு ஏறிவிடும், அதுவும் ஏற்கெனவே விற்று முடித்த நூற்றுக்கணக்கான டிவிகளுக்கும் சேர்த்து.

அதனால்தான் காலாண்டின் கடைசி வாரத்தில் சில கடைகள் இன்வாய்ஸ் விலைக்கும் கீழே இறங்குகின்றன. அந்த முப்பது பெட்டியை 89க்குத் தள்ளிவிட்டால் மொத்த எண்ணிக்கைக்கும் கழிவு கிடைக்கும். பார்ப்பவருக்கு நஷ்ட வியாபாரம் போலத் தெரியும். கணக்குத் தாள் வேறு கதை சொல்லும்.

பெரிய விற்பனைக் காலங்களில் நடப்பது இதைவிட நேரடியானது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்த மாடலை இந்த விலைக்கு விற்றால், விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இத்தனை ஈடு தருகிறோம் என்று தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வரும். ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் பழைய சரக்குக்கும் விலை இறங்கிய அளவுக்கு ஈடு உண்டு. இதற்கு விலைப் பாதுகாப்பு என்று பெயர். ஒரே டிவியின் விலை எல்லாக் கடையிலும் ஒரே நாளில் ஒரே தொகைக்கு இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர்கள் கூடிப் பேசி அப்படிச் செய்திருப்பார்கள் என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் காரணம் அந்தக் கடிதம்தான்.

கடிதம் எல்லை மீறும்போது சட்டம் குறுக்கே வருகிறது. 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஏசஸ், டெனான் & மராண்ட்ஸ், பிலிப்ஸ், பயனியர் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து 111 மில்லியன் யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. தங்கள் பொருளை மலிவாக விற்ற இணையக் கடைகளை மிரட்டி விலையை ஏற்ற வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தத் தீர்ப்பில் என் மனதில் நின்றது ஒரு விஷயம். இன்று பல இணையக் கடைகள் போட்டியாளரின் விலையைப் பார்த்துத் தானாகவே தன் விலையை மாற்றும் மென்பொருளை வைத்திருக்கின்றன. அதனால் மலிவாக விற்கும் ஒரு கடையின் விலையைப் பிடித்து மேலே இழுத்தால், மற்றக் கடைகளின் விலையும் பின்னாலேயே ஏறும். விலை தேடி அலைபவர் பத்துக் கடையைப் பார்த்தேன் என்று நிம்மதி அடையும்போது, அந்தப் பத்துக் கடையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இனி, கோடு போட்டு அடித்த அந்தப் பழைய விலை. 45 சதவீதம் என்ற கணக்கே அதிலிருந்துதான் பிறக்கிறது. அது பெரும்பாலும் அறிமுக விலை. புதிய மாடல்கள் வழக்கமாக மார்ச் முதல் மே வரை கடைக்கு வருகின்றன. முதல் சில வாரம் அவசரமாக வாங்குபவர்கள் அந்த விலையைக் கொடுப்பார்கள். அப்புறம் படிப்படியாக இறங்கி, வருடக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பது சகஜம். அடுத்த மாடல் வரும்போது இன்னும் ஒரு படி கீழே போகும். ஆக, நவம்பரில் உங்களிடம் காட்டும் அடித்த விலையை ஆகஸ்டிலேயே யாரும் கொடுக்கவில்லை. அது பொய் விலை என்று சொல்ல முடியாது, ஒரு காலத்தில் அந்த விலைக்கு விற்றார்கள்தான். ஆனால் உங்கள் சேமிப்பை அதிலிருந்து அளக்கக் கூடாது.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு தெளிவான விதி வந்தது. 2022 மே 28 முதல், விலையைக் குறைத்துவிட்டோம் என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். சில கடைகள் அந்த விலையைச் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு, சதவீதத்தை மட்டும் பழைய உயர்ந்த விலையிலிருந்து கணக்கிட்டன. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதையும் அடைத்தது: சதவீதமே அந்த 30 நாள் குறைந்த விலையிலிருந்துதான் வர வேண்டும். வாழைப்பழமும் அன்னாசியும் விற்ற ஒரு வழக்கில் வந்த தீர்ப்பு அது. டிவிக்கும் அதே விதிதான்.

உங்கள் நாட்டில் இப்படி விதி இருக்கிறதோ இல்லையோ, இந்த அளவுகோலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். கீப்பா, கேமல்கேமல்கேமல் போன்ற தளங்கள் அமேசான் விலை ஏறி இறங்கிய வரலாற்றைப் படமாகக் காட்டும். அதுவும் கிடைக்காவிட்டால், கண்ணில் வைத்திருக்கும் மாடலின் விலையை வாரம் ஒரு முறை தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு வாரக் குறிப்பு கையில் இருந்தால் போதும், எந்தச் சிவப்புத் தள்ளுபடிச் சீட்டும் உங்களை அசைக்காது. கடந்த இரண்டு மாதக் குறைந்த விலையைவிட இன்றைய விலை எவ்வளவு கீழே என்று பாருங்கள். அந்த 45 சதவீதம் பல சமயம் 6 சதவீதமாகச் சுருங்கிவிடும். சில சமயம் உண்மையாகவே 20 இருக்கும். அப்போது தயங்காமல் வாங்குங்கள்.

விலை ஏன் இப்படி ஊசலாடுகிறது என்று கேட்டால், கடையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். டிவியில் அதிக விலை உள்ள பாகம் பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பலகை. பேனல் விலை பங்குச் சந்தை போல ஏறி இறங்கும். 2020 நடுவிலிருந்து 2021 நடு வரை, எல்லோரும் வீட்டில் அடைந்திருந்த காலத்தில், பல அளவுகளில் பேனல் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. 2022 செப்டம்பருக்குள் ஏறியதெல்லாம் இறங்கி, தொடங்கிய இடத்துக்கும் கீழே வந்தது. அந்த வருடக் கடைசியில் கிடைத்த மலிவு விலைகளைக் கடைக்காரரின் தாராளம் என்று எண்ணியவர்கள் உண்டு. தொழிற்சாலையில் சரக்கு தேங்கியதுதான் காரணம்.

எந்த அளவு டிவி மலிவு என்பதும் கண்ணாடியை எப்படி வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பேனல்களைத் தனித்தனியாகச் செய்வதில்லை. ஒரு பெரிய தாய்க் கண்ணாடியில் செய்து துண்டு போடுகிறார்கள். 8.5 தலைமுறை என்று சொல்லும் ஆலைகளில் கண்ணாடி 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர். அதில் 55 அங்குலம் ஆறு துண்டு, அதிக வீண் இல்லாமல் வரும். 65 அங்குலம் என்றால் மூன்றுதான். 10.5 தலைமுறைக் கண்ணாடி 2.94 மீட்டருக்கு 3.37 மீட்டர், அதில் 65 அங்குலம் எட்டு, 75 அங்குலம் ஆறு கிடைக்கும். சீனாவின் பிஓஇ நிறுவனம் 2017 கடைசியில் ஹெஃபெய் நகரில் இப்படி ஓர் ஆலையைத் தொடங்கியது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். நீங்கள் தேடும் 65 அங்குலம் இன்று சாமானியர் கைக்கு எட்டுவதற்கு எந்த ஆஃபரையும்விட இந்த வெட்டுக் கணக்குதான் பெரிய காரணம். இன்னொன்றும் கவனியுங்கள். 55 அங்குலத்தைவிட 65 அங்குலத் திரையின் பரப்பு 40 சதவீதம் அதிகம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால், பரப்புக் கணக்கில் 65 தான் மலிவு.

மனதை உறுத்தும் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டிவி வாங்குபவர்கள் உண்மையிலேயே பெரிய அளவில் ஏமாந்தது கடை வாசலில் இல்லை. எல்சிடி பேனல் விலையைத் தங்களுக்குள் பேசி நிர்ணயித்ததாக எல்ஜி டிஸ்பிளே, ஷார்ப், சுங்வா ஆகிய மூன்று நிறுவனங்கள் 2008 நவம்பரில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சேர்த்து 585 மில்லியன் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தன. அதே சதிக்காக 2012-இல் ஏயூ ஆப்ட்ரானிக்ஸுக்கு 500 மில்லியன் டாலர். பழைய பிக்சர் டியூப் விலையைப் பத்து வருடம் கூடிப் பேசி வைத்ததற்காக அதே 2012-இல் பிலிப்ஸ், எல்ஜி, பானசோனிக் உள்ளிட்டவர்களுக்கு ஐரோப்பிய ஆணையம் போட்டது 1.47 பில்லியன் யூரோ. அந்த வருடங்களில் கடைக்காரரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி நாலு காசு குறைத்து வாங்கியவர்களும், இப்படி ஏற்றி வைத்த விலையில் ஒரு பங்கைத் தெரியாமலேயே கட்டியவர்கள்தான்.

அடுத்தது மாடல் நம்பர். விலை தேடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

என் அத்தை மகன் ஒரு முறை விற்பனை நாளில் 55 அங்குல டிவி ஒன்றைப் பிடித்துவிட்டதாக உற்சாகமாகக் கூப்பிட்டான். வேறு கடையில் இதே டிவிக்கு நாலில் ஒரு பங்கு கூடுதல் விலை என்றான். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மாடல் நம்பரில் கடைசி இரண்டு எழுத்து வேறு. தயாரிப்பாளரின் பக்கத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவன் பிடித்ததில் பேனல் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்; மற்றதில் 120. வெளிக் கருவிகளை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை மற்றதில் நான்கு, இதில் மூன்று. வெளிச்சத்தைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் வசதி அவன் பிடித்ததில் இல்லை. முன்பக்கம் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன, சட்டகம் ஒன்று, பெயரும் ஏறக்குறைய ஒன்று.

இது அபூர்வம் இல்லை. பெரிய சங்கிலிக் கடைகளுக்கும் விற்பனைக் காலத்துக்கும் என்றே தனி மாடல் நம்பர்கள் செய்யப்படுகின்றன. சில சமயம் வித்தியாசம் கால் தாங்கியின் நிறத்தோடு முடிந்துவிடும், பயமில்லை. சில சமயம் உள்ளே பேனலே வேறு. இரண்டிலும் ஒரு விளைவு உறுதி: வேறு கடையில் மலிவாகக் கிடைத்தால் அதே விலைக்குத் தருகிறோம் என்ற வாக்குறுதி செல்லாமல் போகும், ஏனென்றால் அந்த நம்பர் வேறு எந்தக் கடையிலும் இல்லை. நம்பரைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். வருடத்தையும் பாருங்கள். எல்ஜியின் சி வரிசையில் சி1 என்றால் 2021, சி2 என்றால் 2022, சி4 என்றால் 2024. போன வருட மாடல் கேவலம் இல்லை. பல சமயம் அதுதான் புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் பழையது என்று தெரிந்து, பழைய விலைக்கு வாங்க வேண்டும். அப்புறம், பெட்டியின் மேல் "மோஷன் ரேட் 120" என்று பெரிதாகப் போட்டிருப்பதை 120 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் 60 ஆக இருக்கும். விவரப் பட்டியலில் பேனல் புதுப்பிப்பு வேகம் என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

கடை எங்கே சம்பாதிக்கிறது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். யானை வாங்குபவர் அங்குசத்துக்குப் பேரம் பேச மாட்டார். கடைக்கு லாபம் அந்த அங்குசத்தில்தான்.

பில் போடும் மேசையை நினைத்துப் பாருங்கள். டிவி விலையைப் பேசி முடித்தாயிற்று, கார்டை எடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து விற்பனையாளர் மெதுவாகக் கேட்பார்: "சுவரில் மாட்டுவீர்களா, ஸ்டாண்டில் வைப்பீர்களா? நல்ல கேபிள் ஒன்று போட்டுவிடவா? மின்னழுத்தம் ஏறி இறங்கினால் போர்டு போய்விடும், மூன்று வருட வாரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள்." ஒவ்வொன்றும் டிவி விலைக்கு முன்னால் சின்னத் தொகை, தலை தானாக ஆடிவிடும். டிவியில் 8 சதவீதம் நின்றால், கேபிளிலும் மாட்டும் சட்டத்திலும் விற்ற விலையில் பாதிக்கு மேல் நிற்கும். பல பில்களில் டிவி தந்த லாபத்தைவிட அதோடு போன சில்லறைப் பொருட்கள் தந்த லாபம் அதிகம். விற்பனையாளருக்கு ஊக்கத்தொகையும் பெரும்பாலும் இவற்றுக்குத்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவருடைய மாதச் சம்பளம் அப்படி அமைந்திருக்கிறது.

எச்டிஎம்ஐ கேபிள் பற்றித் தெளிவாகவே சொல்கிறேன். அதில் போவது டிஜிட்டல் சிக்னல். சிக்னல் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும். சேராவிட்டால் புள்ளிகள் மின்னும், படம் விட்டு விட்டு வரும். விலை உயர்ந்த கேபிளால் நிறம் ஆழமாகாது, கறுப்பு அடர்த்தியாகாது. 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் ஓட்டும் விளையாட்டுக் கருவி இருந்தால் "அல்ட்ரா ஹை ஸ்பீடு" என்று சான்று பெற்ற, நொடிக்கு 48 கிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும். உறையில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் சான்றுச் சீட்டு ஒட்டியிருக்கும். அது இருந்தால் மலிவானதே போதும்.

கூடுதல் வாரண்டியைப் பொறுத்தவரை, நான் என் வீட்டுக்கு வாங்குவதில்லை. மின்னணுப் பொருள் பழுதாவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில், இல்லாவிட்டால் பல வருடம் கழித்து. முதல் பகுதியை நிறுவன வாரண்டியே பார்த்துக்கொள்ளும், இரண்டாவது பகுதிக்கு முன்பே நீங்கள் வாங்கிய நீட்டிப்பு முடிந்துவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு. விலை உயர்ந்த ஓஎல்இடியில் ஒரே செய்தி அலைவரிசையை நாள் முழுதும் ஓட்டும் வீடு என்றால், ஒரே படம் நெடுநேரம் நின்று திரையில் தழும்பாகப் பதிவதையும் ஈடு செய்யும் திட்டமா என்று எழுத்தில் கேட்டு, இருந்தால் யோசிக்கலாம்.

டிவி விலை இவ்வளவு கீழே போக இன்னொரு காரணம், நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போன பிறகும் அது சம்பாதிக்கிறது. 2021-இல் விசியோ என்ற அமெரிக்க டிவி நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கைப் பார்த்து நானே அசந்து போனேன். டிவி விற்றதில் வந்த மொத்த லாபத்தைவிட விளம்பரம், பார்வைத் தகவல் வகையில் வந்த லாபம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. டிவியில் இணையப் படங்களைக் காட்டும் கருவிகளை விற்கும் ரோக்கு நிறுவனம் 2022 முதல் 2024 வரை அவற்றை அடக்கத்துக்கும் கீழேதான் விற்றது. அமெரிக்கச் சங்கிலிக் கடையான வால்மார்ட் 2.3 பில்லியன் டாலர் கொடுத்து விசியோவையே 2024 டிசம்பரில் வாங்கிக்கொண்டது. முகப்புத் திரையில் வரும் விளம்பரமும், நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்ற தகவலும்தான் அங்கே வருமானம். திரையில் ஓடும் காட்சியை அடையாளம் கண்டு அனுப்பும் வசதி பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் உண்டு. 1.1 கோடி டிவிகளில் கேட்காமலேயே நொடிக்கு நொடி இப்படித் தகவல் எடுத்ததற்காக 2017-இல் விசியோ 22 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. விலைக் குறைப்பின் ஒரு பங்கை நீங்கள் இந்த வழியில் திருப்பிக் கட்டுகிறீர்கள். டிவியை முதல் முறை இயக்கும்போது வரும் ஒப்புதல் பக்கங்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். எல்ஜியில் "லைவ் பிளஸ்", சாம்சங்கில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்" என்ற பெயரில் இருக்கும். அதை மறுத்தாலும் டிவி நன்றாகவே ஓடும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: இன்னும் எவ்வளவு கேட்கலாம்?

ஆஃபர் நடக்கும் நாளில், தயாரிப்பாளர் விலையை இறக்கியிருக்கும் மாடலில், கூடுதலாக 2, 3 சதவீதம் கிடைத்தாலே பெரிது. அதற்கு மேல் இழுத்தால் இருவருக்கும் நேரம்தான் வீண். நீங்கள் சொன்ன 65 அங்குலத்தின் இரண்டு மாதக் குறைந்த விலையைக் கண்டுபிடியுங்கள்; இன்றைய விலை அதற்கும் கீழே இருந்தால் அதோடு திருப்தி அடையலாம். விலையில் இடம் இருப்பது வேறு இடங்களில். புதிய வரிசை வந்து, பழைய மாடலில் ஒன்றிரண்டு பெட்டிதான் மிச்சம் என்றால் துணிந்து கேட்கலாம், கிடங்கில் இடம் அடைத்துக்கொண்டிருக்கும் பெட்டி கடைக்குப் பாரம். விலை உயர்ந்த மாடல்களிலும் பத்து சதவீதம் வரை பேச்சுக்கு இடம் உண்டு, அங்கே மார்ஜின் அகலம். காலாண்டின் கடைசி சில நாட்களில், கூட்டம் இல்லாத நேரத்தில், மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். தரையில் நிற்கும் விற்பனையாளருக்குக் குறைக்கும் அதிகாரம் சில சதவீதம்தான். கணக்குத் தாளின் கடைசிப் பத்தியை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

காட்சிக்கு வைத்த டிவியைக் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். எல்சிடி என்றால் பார்க்கலாம், 20 சதவீதமாவது குறைய வேண்டும். ஓஎல்இடி என்றால் நான் தொட மாட்டேன். கடைத் திரைகள் அதிகபட்ச வெளிச்சத்தில், ஒரே காட்சிப் படத்தைக் காலை முதல் இரவு வரை திரும்பத் திரும்பக் காட்டியவை.

விலை இனி இறங்காது என்று தெரிந்தபின், பொருளாகக் கேளுங்கள். சுவர்ச் சட்டம், மாட்டும் கூலி, வீட்டுக்குக் கொண்டு வரும் செலவு. 40 விலை எழுதியிருக்கும் சட்டத்தின் அடக்கம் கடைக்கு 15, 18தான் இருக்கும், அதனால் 20 குறையுங்கள் என்றால் மறுக்கும் மேற்பார்வையாளர் சட்டத்தை இலவசமாகத் தரச் சம்மதிப்பார். உங்களுக்கு 40 மிச்சம், அவருக்கு 18 செலவு. சுவரில் மாட்டப் போவதில்லை என்றால் மட்டும் இதைக் கேட்காதீர்கள், வேண்டாத பொருளில் சேமிப்பு இல்லை.

பணம் கட்டும் முன் திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கெடுவுக்குள் விலை இன்னும் இறங்கினால் வித்தியாசத்தைத் தருவார்களா என்றும் கேளுங்கள். பல கடைகள் தரும், கேட்டவருக்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுக்க ஓட்டி, இருட்டில் பட்டையோ கறையோ செத்த புள்ளியோ தெரிகிறதா என்று பாருங்கள். கெடு முடியும் வரை பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப் போடாமல் வையுங்கள்.